எழுந்து நின்ற நீதிபதி
(கிறித்தவ பாவ அறிக்கையின் வரலாற்றில் ஓர் ஏடு)



ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் சற்றே தயங்கினேன். பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு இருப்புப்பாதைப் பணியில் சேர்ந்தவன் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கேடுகளில் எண்களை எழுதிப் பழகிய கை, புலவர்களும் பேராசிரியர்களும் எழுதும் மலரில் எழுதத் துணியலாமோ என்று எண்ணினேன். ஆயினும், சென்ற ஆண்டு பொங்கல் விழாவன்று நம் சங்கத்தின் மூத்த அன்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கூறாமல் இருக்கிறேன். அந்தக் கடனையேனும் தீர்ப்போம் என்று எழுதத் தொடங்கினேன்.

அன்று அவர் கேட்டது இதுதான்: "தம்பி, உங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் எல்லோரும் கூடி, பாவம் செய்தோம் என்று கடவுளிடம் ஒப்புக்கொள்கிறீர்கள். குருவானவரும் மன்னிப்பைக் கூறிவிடுகிறார். திங்கட்கிழமை மீண்டும் பழைய கணக்குத் தொடங்குகிறது. இது மிகவும் எளிய வழியாக அல்லவா தோன்றுகிறது? அடிபட்டவன் ஒருவன் வெளியே நிற்க, கடவுளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்ததா?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் விருப்பத்தோடுதான் கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. இயலாமற் போனதற்கு என் கல்விக்குறை மட்டும் காரணம் அன்று. அதனை இறுதியில் சொல்லுகிறேன்.

அறிக்கையின் பழம்பாதை

கிறித்தவர்கள் 'பாவ அறிக்கை' என்று கூறுவது, தான் செய்த தீமையைக் கடவுளின் முன் ஒளிக்காமல் எடுத்துரைப்பதாகும். கத்தோலிக்கச் சபையார் இதனை முன்னாளில் 'பாவசங்கீர்த்தனம்' என்றனர். இந்நாளில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கின்றனர். இதன் வேர் இஸ்ரவேல் மக்களின் பழைய மறையில் இருக்கின்றது. தாவீது மன்னன் தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்தான். அவனைப் போர்முனையில் சாகும்படி நிறுத்தினான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அக்கதையின் வழியே அரசனுக்கு அவன் செயலைக் காட்டினார். அரசன் சினந்து அவரைக் கொல்லவில்லை. தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். 51 ஆம் சங்கீதம் அந்த வேளையில் பிறந்தது என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

கிறித்தவச் சபையின் முதல் நூற்றாண்டுகளில் பெரும்பாவம் செய்தோர் சபையார் அனைவரும் காண வெளிப்படையாகத் தவம் செய்து, நெடுங்காலம் காத்திருந்த பின்னரே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கி. பி. 390 இல் தெசலோனிக்கா நகரில் படைத்தலைவன் ஒருவன் கொல்லப்பட்டதற்காக, உரோமப் பேரரசன் தியோடோசியசின் வீரர்கள் அந்நகர மக்களை விளையாட்டரங்கில் வைத்து வெட்டி வீழ்த்தினர். இறந்தோர் 7,000 பேர் என்று தியோடரெட் என்னும் பழைய வரலாற்றாசிரியர் கூறுகிறார். மிலான் நகர ஆயர் அம்புரோஸ் அப்பேரரசனுக்கு நற்கருணை அளிக்க மறுத்தார். உலகின் பெரும்பகுதியை ஆண்டவன் தன் அரச உடையைக் களைந்து, கோயிலில் எல்லோரும் காண அழுது, பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டான்.

நாளடைவில் வெளிப்படையான அறிக்கை குறைந்து, குருவின் செவியில் தனியே கூறும் முறை பரவிற்று. 1215 இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் குருவிடம் பாவ அறிக்கை செய்தல் வேண்டும் என்று விதித்தது. பின்னர், பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டபோது, 1517 இல் மார்ட்டின் லூதர் அதனை எதிர்த்து 95 கருத்துரைகளை வெளியிட்டார். மனந்திரும்புதல் ஒருநாட் சடங்கன்று, வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்பதே அவற்றுள் முதலாவதன் கருத்து. இங்கிலாந்துச் சபையின் வழிபாட்டு நூலில் 1552 இல் பொது அறிக்கை சேர்க்கப்பட்டது. அவ்வழி வந்ததுதான் தென்னிந்தியத் திருச்சபையில் நாங்கள் ஞாயிறுதோறும் கூடிச் சொல்லும் அறிக்கை.

முறைகள் பலவாயினும் நோய் ஒன்றுதான். பலரோடு சேர்ந்து பொதுவாகச் சொல்லும்போது, "நான் இன்ன தீமையை இன்னாருக்குச் செய்தேன்" என்னும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அந்தச் சொல் ஒருமுறை எவ்வாறு வெளிவந்தது என்பதைக் காட்டவே, வட அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை அன்பர்கள்முன் வைக்கிறேன்.

1692 ஆம் ஆண்டுச் சேலம்

இந்தச் சேலம் நம் மாம்பழச் சேலம் அன்று. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசச்சூசெட்ஸ் என்னும் பகுதியில் கடற்கரையோரமாக உள்ள ஊர். அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து, திருமறையில் வரும் சாலேம் என்னும் ஊரை நினைந்து இட்ட பெயர். மதுரையில் ராணி மங்கம்மாள் ஆட்சி செலுத்திய காலம் அது. சென்னைக் கோட்டையில் ஆளுநராயிருந்து அதே 1692 இல் பதவி இழந்த எலிஹு யேல் என்பவர், அந்த மாசச்சூசெட்சின் தலைநகராகிய பாஸ்டனில் பிறந்தவர் என்றால், காலமும் இடமும் நமக்குச் சற்று நெருங்கி வரும்.

அங்குக் குடியேறியிருந்தோர் பியூரிட்டன் என்னும் கடுநெறிக் கிறித்தவர்கள். 1692 இன் தொடக்கத்தில் சேலம் சிற்றூரின் போதகர் சாமுவேல் பாரிஸ் என்பவர் வீட்டில், அவருடைய ஒன்பது வயது மகளுக்கும் பதினொரு வயதுடைய உறவுப்பெண்ணுக்கும் இனந்தெரியாத வலிப்பு வந்தது. மருந்து பலிக்காமற் போகவே, இது சூனியம் என்று பேச்சு எழுந்தது. மேலும் சில சிறுமியர் அவ்வாறே துடித்தனர். "இன்னாருடைய ஆவி வந்து எங்களைக் கிள்ளுகிறது, கடிக்கிறது" என்று அவர்கள் பெயர்களைச் சொல்லத் தொடங்கினர். முதலில் பிடிபட்டோர் மூவர்: போதகர் வீட்டு அடிமைப்பெண் டிட்டுபா, பிச்சையெடுத்து வாழ்ந்த ஒருத்தி, நெடுநாள் நோயாளியான ஒருத்தி. பின்னர் நற்பெயர் உடையோரும் தப்பவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அவ்வாண்டு மே மாதத்தில் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் இவ்வழக்குகளுக்கென ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன். அவரோடு அமர்ந்த நீதிபதிகளுள் ஒருவர், இக்கட்டுரையின் தலைவராகிய சாமுவேல் சூவல். 1652 இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் பாஸ்டனுக்கு வந்து, ஹார்வர்டு கல்லூரியில் பயின்று, செல்வக் குடும்பத்தில் மணந்து, ஊர் மதிக்க வாழ்ந்தவர். கொடியவர் அல்லர், நாள்தோறும் வேதம் ஓதியவர். அதனாலேயே இவ்வரலாறு நமக்குப் பாடமாகிறது.

பொய் அறிக்கையும் மெய் மறுப்பும்

அந்த நீதிமன்றம் ஆவியுருச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. ஒருவர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும், அவருடைய ஆவியுருவம் வந்து தன்னைத் துன்புறுத்தியதாக ஒரு சிறுமி கூறினால் அது சான்றாகும். இதனை மறுக்க யாரால் இயலும்?

அதனினும் கொடியது ஒன்று உண்டு. "ஆம், நான் சூனியக்காரிதான், பிசாசின் ஏட்டில் கையெழுத்திட்டேன்" என்று ஒப்புக்கொண்டோர் ஏறத்தாழ 50 பேர். அவ்வாறு ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவருள் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. "நான் குற்றமற்றவள்; கடவுள்முன் பொய் சொல்லமாட்டேன்" என்று நின்றோரே மாண்டனர். பொய் அறிக்கை உயிரைக் காத்தது. உண்மை உயிரை வாங்கிற்று. சாமுவேல் வார்ட்வெல் என்னும் தச்சர் முதலில் அச்சத்தால் ஒப்புக்கொண்டார், பின்னர் தாம் சொன்னது பொய் என்று திரும்பப் பெற்றார், தூக்கிலிடப்பட்டார். மார்கரெட் ஜேக்கப்ஸ் என்னும் இளம்பெண் உயிரச்சத்தால் தன் பாட்டனார்மீதும் போதகர் ஜார்ஜ் பரோஸ்மீதும் பழி கூறினாள். பின்பு மனச்சான்று பொறாமல், பொய் சொல்லி வாழ்வதைவிட உண்மை சொல்லிச் சாவதே மேல் என்று தன் வாக்குமூலத்தை மறுத்தாள். அவள் எப்படியோ பிழைத்தாள், பாட்டனார் பிழைக்கவில்லை.

ஜூன் 10 ஆம் நாள் பிரிட்ஜெட் பிஷப் என்பவள் முதலில் தூக்கிலிடப்பட்டாள். ஜூலை 19 இல் ஐவர் இறந்தனர். அவருள் ரெபெக்கா நர்ஸ் 71 வயதுடைய மூதாட்டி. ஜூரிகள் அவர் குற்றமற்றவர் என்றே முதலில் தீர்ப்புக் கூறினர். மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு நீதிமன்றம் கூறிய பின்னர் தீர்ப்பு மாறிற்று. ஆகஸ்டு 19 இல் மேலும் ஐவர். அவருள் ஒருவரே போதகர் பரோஸ். சூனியக்காரரால் ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பிழையின்றிச் சொல்ல இயலாது என்பது அக்கால நம்பிக்கை. பரோஸ் தூக்குமேடையில் நின்று அதனைப் பிழையின்றிச் சொன்னார், கூடியிருந்தோர் கலங்கினர், ஆயினும் தண்டனை நிறைவேறிற்று. அவர் ஹார்வர்டில் சூவலுக்கு ஓராண்டு மூத்தவர், அவருக்கு அறிமுகமானவர். செப்டம்பர் 22 இல் எண்மர். அவருள் மேரி ஈஸ்டி என்பவர், தம் உயிர் போவது உறுதி என்று அறிந்தும், இனியேனும் குற்றமற்ற குருதி சிந்தப்படாதிருக்கட்டும் என்று பிறருக்காக விண்ணப்பம் எழுதினார். இவ்வாறு தூக்கில் இறந்தோர் 19 பேர். வழக்காட மறுத்த ஏறத்தாழ 80 வயதுடைய ஜைல்ஸ் கோரி என்பவர்மீது கற்களை ஏற்றி நசுக்கினர். சிறையில் நோயுற்று மாண்டோரும் உண்டு.

அக்டோபரில் நாட்டின் மூத்த போதகர் இன்கிரீஸ் மாதர், ஐயத்துக்குரிய பதின்மர் தப்பினும் குற்றமற்ற ஒருவர் தண்டனை பெறுதலாகாது என்னும் கருத்தை வற்புறுத்தினார். ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 இல் எஞ்சியோர் விடுதலை பெற்றனர். அதன்பின் நாட்டில் ஒரு பெரும் மௌனம் நிலவிற்று. தவறு நிகழ்ந்தது என்பதை எல்லோரும் அறிவர். யார் செய்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வீட்டிலே விழுந்த அடி

சூவல் தம் வாழ்நாளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்குறிப்பு எழுதியவர். 1696 ஆம் ஆண்டின் குறிப்புகள் துயரம் நிறைந்தவை. அவ்வாண்டு மே மாதத்தில் அவருக்கு ஓர் ஆண் மகவு இறந்தே பிறந்தது. டிசம்பர் 23 இல் இரண்டு வயதுப் பெண் குழந்தை சாரா இறந்தாள். மறுநாள், குழந்தையின் உடல் இன்னும் அடக்கம் செய்யப்படாத வீட்டில், அவருடைய மகன் மத்தேயு நற்செய்தியின் 12 ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை இலத்தீன் மொழியில் ஓதினான். பலியைவிட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்பதை உணர்ந்திருந்தால் குற்றமற்றவரைக் குற்றவாளிகளாகத் தீர்த்திருக்கமாட்டீர்கள் என்னும் கருத்துடைய வசனம் அதில் வருகிறது. அவ்வசனம் சேலத்துத் துயரத்தை அச்சந்தரும் வகையில் தம் நினைவிற்குக் கொணர்ந்ததாகச் சூவல் அன்றே எழுதி வைத்தார்.

பிள்ளைகள் இறந்தது கடவுளின் தண்டனையே என்று அவர் கருதினார். அக்கருத்தை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. குற்றமற்ற குழந்தையின் சாவைத் தந்தையின் பாவத்திற்கு விலையாக எண்ணுவது எனக்கும் உடன்பாடன்று. ஆனால் துயரம் வந்தபோது அவர் பிறரைக் குறை கூறவில்லை. தம் உள்ளத்தைத் திறந்து பார்த்தார் என்பதை மறுக்க இயலாது.

உபவாச நாள்

1697 சனவரி 14 ஆம் நாளை நாடெங்கும் உபவாச நாளாகக் கொள்ளுமாறு மாசச்சூசெட்ஸ் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பில் சேலத்து நிகழ்ச்சியும் குறிப்பிடப்பட்டிருந்தது. எவ்வாறு? சாத்தானும் அவன் கருவிகளும் எழுப்பிய துன்பம் என்றும், இருபுறத்தும் பிழைகள் ஏதேனும் நேர்ந்திருப்பின் அவற்றைக் கடவுள் காட்டவேண்டும் என்றும் பொருள்படும்படி. பிழை 'நேர்ந்திருப்பின்'! செய்தவர் யார் என்று சொல்லாத வாக்கியம் அது. அலுவலகத்தில் வேலை செய்யும் நாம் இத்தகைய வாக்கியத்தை நன்கு அறிவோம்.

அன்று பிற்பகல் பாஸ்டனின் தெற்குச் சபைக் கோயிலில் வழிபாடு நடந்தது. போதகர் சாமுவேல் வில்லர்ட் இருக்கைகளின் வழியே சென்றபோது, சூவல் ஒரு தாளை அவர் கையில் கொடுத்தார். போதகர் மேடை ஏறி அதனைப் படித்தார். படிக்கத் தொடங்கியதும் சூவல் தம் இடத்தில் எழுந்து நின்றார். ஊரார் எல்லோர் கண்ணும் அவர்மீது. படித்து முடியும்வரை நின்று, முடிந்ததும் தலை வணங்கி அமர்ந்தார்.

அத்தாளின் சாரம் இது: சேலத்தில் அமைந்த அந்த நீதிமன்றத்தால் விளைந்த குற்றத்தில், தாம் அறிந்தவரையில் வேறெவரையும்விடத் தமக்கே மிகுந்த பங்கு உண்டு. அதன் பழியையும் நாணத்தையும் தாமே ஏற்க விரும்புகிறார். மனிதரிடம் மன்னிப்பு வேண்டுகிறார். கடவுளும் இப்பாவத்தையும் தம் மற்றப் பாவங்களையும் மன்னிக்குமாறு எல்லோரும் வேண்டிக்கொள்ளக் கேட்கிறார். தம் பாவத்திற்காகத் தம் குடும்பத்தையும் நாட்டையும் கடவுள் தண்டியாதிருக்கவும் மன்றாடுகிறார்.

இதில் நாம் உற்று நோக்கவேண்டியவை மூன்று. முதலாவது, பிசாசின்மீது பழி போடவில்லை. தலைமை நீதிபதியின்மீதும், பொய் சொன்ன சிறுமியர்மீதும், அக்காலச் சட்டத்தின்மீதும் போடவில்லை. இரண்டாவது, கடவுளிடம் கேட்டதோடு நிற்காமல் மனிதரிடமும் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது, அறைக்குள் முழங்காலிட்டுச் சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் எல்லோர் முன்னும் நின்றார். தீர்ப்பு வெளிப்படையாகக் கூறப்பட்டது. ஆதலின் அறிக்கையும் வெளிப்படையாகவே இருக்கவேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்.

குறையும் உண்டு. இறந்தோருள் ஒருவர் பெயரேனும் அத்தாளில் இல்லை. தம் வீட்டின்மீது விழுந்த அடிகளைப் பற்றிய அச்சமும் அதில் கலந்திருந்தது. ஆயினும், குறையில்லாத அறிக்கையைச் செய்யக் காத்திருப்பவன் ஒருநாளும் செய்யமாட்டான்.

எழுந்தவரும் எழாதவரும்

அதே காலத்தில் ஜூரிகளாக இருந்தோர் 12 பேர், தாங்கள் அறியாமையால் குற்றமற்ற குருதிக்கு உடந்தையாயினோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு மன்னிப்பு வேண்டினர். 1706 இல் ஆன் பட்னம் என்னும் பெண், பன்னிரண்டு வயதில் பலர்மீதும் குற்றம் சாட்டியவள், சேலம் சிற்றூர்ச் சபைமுன் எழுந்து நிற்க, அவளுடைய அறிக்கையைப் போதகர் படித்தார். ரெபெக்கா நர்சின் குடும்பத்தாரிடம் அவள் தனியே பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சாத்தானின் மயக்கத்தால் செய்தேன் என்று அவள் கூறியது உண்மைதான். எனினும் சூவலின் தாளில் இல்லாத பெயர் இவள் தாளில் இருந்தது.

தலைமை நீதிபதி ஸ்டோட்டனோ 1701 இல் இறக்கும்வரை ஒரு சொல்லும் வருந்திக் கூறவில்லை. அவருக்கு உலகியலில் ஒரு குறையும் வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் ஆளுநரின் இடத்திலிருந்து நாட்டையும் ஆண்டார். அறிக்கை செய்யாதவன் கெட்டுப்போவான் என்று நான் கதை கட்ட விரும்பவில்லை.

1711 இல் மாசச்சூசெட்ஸ் அரசு, தண்டனை பெற்றவருள் 22 பேர்மீதிருந்த தீர்ப்பை நீக்கி, 578 பவுன் 12 ஷில்லிங் இழப்பீடு வழங்க இசைந்தது. அதிலும் சிலர் பெயர் விடுபட்டது. 1957 இலும் 2001 இலும் மேலும் சிலர் விடுவிக்கப்பட்டனர். எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவரும் அவர்தம் ஆசிரியையும் முயன்றதன் பயனாக, 2022 இல் அதுவும் நீக்கப்பட்டது. தவறு செய்யச் சில மாதங்கள் போதும். அதனைத் திருத்தி முடிக்க 330 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அறிக்கைக்குப் பின்

நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. தன் தீர்ப்புத் தவறு என்று கண்ட அக்கணமே அவன் உயிர் பிரிந்தது. சூவலுக்கோ அறிக்கை செய்த பின்னும் 33 ஆண்டுகள் வாழவேண்டியிருந்தது. தாம் நின்ற அதே ஊரில், தம்மை அவ்வாறு கண்ட அதே மக்களிடையே வாழ்ந்தார். ஆண்டுதோறும் ஒருநாள் இதற்காக உண்ணாநோன்பு இருந்தார் என்பர்.

1700 இல் அவர் 'விற்கப்பட்ட யோசேப்பு' என்னும் பொருள்படும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். தன் உடன்பிறந்தோராலேயே வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட யோசேப்பின் வரலாற்றைக் காட்டி, ஆதாமின் மக்கள் யாவரும் விடுதலைக்கு உரியவர், மனிதனை மனிதன் அடிமையாக விற்றல் தகாது என்று வாதிட்டார். அமெரிக்க மண்ணில் அடிமை முறையை எதிர்த்து அச்சான முதல் நூல்களுள் அதுவும் ஒன்று. பாஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த செல்வர் பலர். அவர் கூறியதை விரும்பியோர் சிலரே. ஒருமுறை எல்லோரும் ஒப்பிய ஒன்று தவறாயிற்று என்பதைத் தன்னளவில் அறிந்தவனுக்கு, எல்லோரும் ஒப்பும் மற்றொன்றையும் ஐயுறும் துணிவு வந்தது என்றே நான் கருதுகிறேன். பிற்காலத்தில், 1718 முதல் 1728 வரை, அவர் அந்நாட்டின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1730 சனவரி முதல் நாள் காலமானார். இன்று மாசச்சூசெட்ஸ் சட்டமன்ற மண்டபத்துச் சுவரில், அவர் தலை குனிந்து நிற்கும் அந்தக் காட்சி ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. நாட்டின் வெற்றிகளுக்கிடையே ஒரு நீதிபதியின் நாணத்தையும் அந்நாட்டார் வைத்திருக்கின்றனர்.

என் கணக்கு

இனி, மூத்த அன்பரின் கேள்விக்கு அன்று என்னால் ஏன் விடை கூற இயலவில்லை என்பதைச் சொல்லவேண்டும்.

ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் வட மாநிலம் ஒன்றில் ஒரு நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் நான் வேலை செய்தேன். ஒருநாள் மாலை இரண்டு மூட்டைகளுக்குரிய சீட்டுகளில் ஊர்ப்பெயர்களை மாற்றி எழுதிவிட்டேன். துணி மூட்டை ஒன்று ஊர் மாறிச் சென்று, பல வாரங்கள் கிடைக்கவில்லை. வணிகர் இழப்பீடு கேட்டார். விசாரணை வந்தபோது அச்சீட்டுகள் அகப்படவில்லை. என்னிடம் எழுத்து விளக்கம் கேட்டனர். "வண்டியில் ஏற்றும் வேளையில் தவறு நேர்ந்திருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாத வரி, உண்மையும் அன்று. மூட்டைகளை ஏற்றிய போர்ட்டருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். மறுத்து எழுதவும் வகையறியாதவர்.

அந்த ஞாயிறும் நான் கோயிலுக்குச் சென்றேன். சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கையைச் சொன்னேன். அதற்குப் பின் எத்தனையோ ஞாயிறுகள். கடவுளிடம் ஒப்புக்கொண்டேன் என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த ஒரு வரியையே அவரிடமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்: தவறு நேர்ந்திருக்கலாம்.

சூவலின் வரலாற்றைப் படித்த பின் என்னால் அவ்வாறு சொல்ல முடியவில்லை. காணிக்கையோடு பலிபீடத்தருகே வந்தவன், தன்மேல் குறையுடைய சகோதரன் ஒருவன் இருப்பதை நினைத்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்பது இயேசு பெருமானின் போதனை. சகேயு என்னும் வரி தண்டுவோன் தான் அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததும் நற்செய்தியில் உள்ளதே. இவற்றை நான் சிறுவயதிலிருந்தே கேட்டவன்.

சென்ற ஆடி மாதம் விடுப்பெடுத்துக்கொண்டு ஓர் இரவுப் பயணம் செய்து அந்த ஊருக்குச் சென்றேன். அவர் இன்னும் பணியில் இருந்தார், தலை நரைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பாபுஜி, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மூட்டையை நான் மாற்றி ஏற்றவில்லை என்பது எனக்குத் தெரியாதா? நீங்கள் எழுதியதுதான் தவறு என்று அன்றே அறிவேன்" என்றார். பதினைந்து ஆண்டுகள் நான் மறைத்துவைத்திருந்ததாக எண்ணியது அவருக்கு முதல் நாளே தெரியும்! மறைந்திருந்தது என் வாய்ச்சொல் மட்டுமே. இழந்த ஊதியத்துக்கு நான் கணக்கிட்டுக் கொண்டுபோன தொகையை முதலில் மறுத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்ட பின் வாங்கிக்கொண்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; நானும் கேட்டு வாங்க முற்படவில்லை. ஊர் திரும்பியதும், தவறு செய்தவன் நான் என்று உரிய அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை. வருவது எதுவாயினும் எனக்குரியதே.

ஆகவே, ஐயா, தங்கள் கேள்விக்கு என் விடை இது. கடவுளிடம் மட்டும் சொல்லிவிட்டால் தீராது. தங்கள் ஐயம் சரியே. ஆனால் கடவுளிடம் உண்மையாகச் சொன்னவனை அவர் கோயிலுக்குள்ளேயே இருக்க விடுவதில்லை, அடிபட்டவனிடம் அனுப்பிவைக்கிறார். அவ்வாறு போகாதவன் இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்பதே பொருள். அறிக்கை எளிய வழி என்று தோன்றுவதெல்லாம், எங்களுள் பலர் அவ்வழியில் பாதியிலேயே நின்றுவிடுவதால்தான்.

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் ஒரு குடும்பமாக வாழ்கிறோம். சமயம் எதுவாயினும், "தவறு நேர்ந்தது" என்பதற்கும் "தவறு செய்தேன்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் தாய்மொழி நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அச்சொல்லைச் சொல்லும் துணிவை இறைவன் நம் எல்லோருக்கும் அருள்வானாக. சங்கம் வாழ்க! தமிழ் வளர்க!